செவ்வியல் ராக் இசைக்குப் புதிதாக வருபவருக்கு: எந்த ஆல்பம், எந்தப் படம், எந்த வரிசை

செவ்வியல் ராக் என்று இன்று வழங்கப்படும் இசை, ஏறக்குறைய 1965க்கும் 1980க்கும் இடையில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இசைத்தட்டாக வந்தது. இதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ‘சிறந்த நூறு பாடல்கள்’ என்ற ஏதாவது ஒரு தொகுப்பில் தொடங்குகிறார்கள். பத்துப் பாடல் தாண்டுவதற்குள், எல்லாம் ஒரே இரைச்சலாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. திரைப்பாடல் கேட்டு வளர்ந்த நமக்கு ஒரு படத்தின் ஐந்து பாடல்களை எந்த வரிசையில் கேட்டாலும் நட்டமில்லை. ராக் குழுக்களோ 1960களின் நடுப்பகுதியிலிருந்து முழு ஆல்பத்தையே ஒரு படைப்பாகக் கட்டத் தொடங்கிவிட்டன. எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேலாக இசை கொள்ளும். அந்த இருபது நிமிடம் எப்படித் தொடங்க வேண்டும், தட்டைத் திருப்பிப் போடுவதற்கு முன் கேட்பவரை எந்த மனநிலையில் விட வேண்டும் என்பதெல்லாம் யோசித்துச் செய்யப்பட்டவை.

ஆகவே இந்த வழிகாட்டி பரிந்துரைக்கும் முறை எளியது: ஒரு குழுவுக்கு ஓர் ஆல்பம், அது காதுக்குப் பழகிய பிறகு அக்குழுவைப் பற்றிய ஒரு படம். ஆல்பத்தை அறிந்தவர் படத்தில் வாசிப்பவர்களின் கைகளைப் பார்க்கும்போது, இரைச்சலாகக் கேட்ட ஒலி கிதார், பேஸ், டிரம்ஸ் என்று தனித்தனியே பிரியத் தொடங்கும். கீழே வரும் மதிப்பீடுகள் என் சொந்த அபிப்பிராயங்கள். அவற்றுள் சில, ரசிகர்கள் கூடும் இடத்தில் சொன்னால் சண்டையில் முடியக்கூடியவை.

கேட்பதற்கு முன்

செயலியில் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஒரு பாடலின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலந்துவிடும் கிராஸ்ஃபேட் வசதியையும் அணையுங்கள். இடைவெளியின்றி ஒலிக்கச் செய்யும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். பாடல்களுக்கு நடுவே விளம்பரம் வரும் இலவசக் கணக்கு இந்த ஆல்பங்களுக்கு ஏற்றதல்ல. பழைய குறுந்தகடு கிடைத்தால் அதுவே மேல்.

அடுத்ததாக, எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ‘டீலக்ஸ்’, ‘ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு’ என்று வருபவற்றில் ஆல்பம் முடிந்த கையோடு ஒத்திகைப் பதிவுகளும் கைவிடப்பட்ட முயற்சிகளும் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவை பழகிய ரசிகருக்கு விருந்து. புதியவருக்கோ ஆல்பம் எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போய்விடும். மூல ஆல்பத்தில் எத்தனை பாடல்கள் என்று பார்த்துக்கொண்டு அத்தோடு நிறுத்திவிடுங்கள். பீட்டில்ஸ் குழுவின் ‘ரிவால்வர்’ (1966) போன்றவற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு: பிரிட்டிஷ் பதிப்பில் 14 பாடல்கள், அன்றைய அமெரிக்கப் பதிப்பில் 11 மட்டுமே. எப்போதும் பிரிட்டிஷ் பதிப்பையே எடுங்கள்.

காதில் இரண்டு கருவிகளும் இருக்க வேண்டும். 1960களின் ஸ்டீரியோ பதிவுகள் பலவற்றில் குரல் ஒரு காதிலும் டிரம்ஸ் மறு காதிலுமாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். பேருந்தில் ஒற்றைக் காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்பவர், குரலே இல்லாத பாடலைக் கேட்டு என்ன பெரிய குழு இது என்று கேட்கவும் கூடும். முதல் முறை கேட்கும்போது பாடல் வரிகளைத் தேடிப் படிக்க வேண்டாம். ராக் இசையில் குரல் மற்ற கருவிகளுக்குச் சமமாகவே வைக்கப்படுகிறது. சொற்கள் புரியாததால் பெரிதாக எதுவும் இழப்பில்லை.

முதல் படி: ஆபி ரோடு

பீட்டில்ஸ் என்றவுடன் ‘சார்ஜென்ட் பெப்பர்’ (1967) ஆல்பத்தில் தொடங்கச் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல மாட்டேன். அதன் கடைசிப் பாடலான ‘எ டே இன் தி லைஃப்’ ஒப்பற்றது. அதன் முடிவில் பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அடித்த ஒற்றை ஸ்வரக்கூட்டு நாற்பது நொடிக்கு மேல் கரைந்துகொண்டே போகும். ஆனால் மற்றவற்றில் பாதிக்கு மேல், அவை அமர்ந்திருக்கும் கற்பனைச் சட்டகத்தைவிடச் சிறிய பாடல்கள்.

1969 செப்டம்பரில் வந்த ‘ஆபி ரோடு’ ஆல்பத்தை எடுங்கள். முதல் பக்கத்தில் கட்டாயம் ஒரு சோதனை உண்டு: ‘மேக்ஸ்வெல்ஸ் சில்வர் ஹேமர்’. ஜான் லெனனுக்கே பிடிக்காத பாடல் அது, எனக்கும் பிடிக்காது, இருந்தாலும் தாண்டிவிடாதீர்கள். அப்பக்கத்தின் கடைசிப் பாடல் ஏழு நிமிடத்துக்கு மேல் ஒரே கிதார் சுழற்சியைத் திரும்பத் திரும்ப வாசித்து, இரைச்சலை ஏற்றிக்கொண்டே போய், வாக்கியத்தின் நடுவில் கத்தரித்தாற்போலச் சட்டென்று நின்றுவிடும். இணையத் தொடர்பு அறுந்துவிட்டதோ என்று கைபேசியைப் பார்க்காதீர்கள். தட்டைத் திருப்புவதற்கான அந்த மௌனத்துக்குப் பிறகு, இரண்டாம் பக்கம் ஜார்ஜ் ஹாரிசனின் கிதாரில் இளவெயில் பாடலோடு தொடங்கும். இந்த மாற்றத்தைக் கேட்ட பிறகு, பாடல் வரிசை ஏன் முக்கியம் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் பக்கத்தின் பெரும்பகுதி, முடிக்கப்படாத துண்டுப் பாடல்களை ஒன்றோடொன்று தைத்த பதினாறு நிமிடத் தொடர். அதன் இறுதியில் ரிங்கோ ஸ்டார் தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார்; பீட்டில்ஸ் பதிவுகளில் அவர் தனி வாசித்தது அங்கு மட்டுமே. உடனே பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ், ஜான் மூவரும் அதே வரிசையில் மாறி மாறி மும்முறை கிதாரில் தனி வாசிக்கிறார்கள். எது யாருடையது என்று இரண்டாம் முறை கேட்கும்போது பிரித்துப் பாருங்கள். பாலின் வாசிப்பு கூராகவும், ஜார்ஜின் வாசிப்பு வழுக்கிக்கொண்டும், ஜானின் வாசிப்பு கரகரவென்று முரடாகவும் இருக்கும்.

இதற்கு இணையான படமாக ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ (1964) போதும். ரிச்சர்ட் லெஸ்டர் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பீட்டர் ஜாக்சனின் ‘கெட் பேக்’ (2021) ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஓடுவது. அதைப் பிறகு பாருங்கள். அதில் ஒரு காட்சிக்காக மட்டும் அந்த எட்டு மணி நேரத்தையும் கொடுப்பேன்: 1969 ஜனவரியில் ஒரு காலை, லெனன் இன்னும் வரவில்லை, பால் பேஸ் கிதாரை வெறுமனே வேகமாகத் தட்டிக்கொண்டு ஏதோ முனகுகிறார், எதிரில் ஜார்ஜ் கொட்டாவி விடுகிறார், ரிங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார், ஓரிரு நிமிடங்களில் அந்த முனகலிலிருந்து ‘கெட் பேக்’ பாடலின் உருவம் எழுந்து வருகிறது. பாடல் பிறப்பதை இவ்வளவு சாதாரணமாகக் காட்டிய வேறொரு படத்தை நான் அறியேன்.

இரண்டாம் படி: இருட்டில் நாற்பத்து மூன்று நிமிடம்

பிங்க் ஃபிலாய்டின் ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ 1973 மார்ச்சில் வெளிவந்தது. அதை ஒரே மூச்சில், விளக்கை அணைத்துவிட்டு, வேறு எதையும் செய்யாமல் கேட்க வேண்டும். இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடியும் இந்த ஆல்பத்தில் பாடல்களுக்கு நடுவே இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. ‘டைம்’ பாடலின் தொடக்கத்தில் திடுக்கிட வைக்கும் கடிகார மணிகளை, ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழம்பொருள் கடையில் தனித்தனியாகப் பதிவு செய்து பிறகு ஒன்றாகச் சேர்த்தார். இரவில் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்பவர்கள் அந்த இடத்தில் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. வீட்டில் மற்றவர்களும் தூங்குவார்கள்.

முதல் பக்கத்தின் முடிவில் சொற்களே இல்லாமல் ஒரு பெண் குரல் பாடும். கிளேர் டோரி என்ற அந்தப் பாடகிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்காக 30 பவுண்டு கொடுக்கப்பட்டது. ராகம் என்ன, வரி என்ன என்று எதுவும் எழுதித் தரப்படவில்லை. ஏறக்குறைய முழுவதும் அவருடைய கற்பனை. பல ஆண்டுகளுக்குப் பிறகு வழக்குத் தொடுத்து, 2005இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி இணை இசையமைப்பாளராக அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இந்தப் பாடல் மற்றவற்றைவிட விரைவில் பிடிபடும். அடுத்து வரும் ‘மனி’ ஏழு எண்ணிக்கையில் நடப்பது. மிஸ்ர நடை தெரிந்தவர்கள் தொடையில் தட்டிப் பார்க்கலாம். கிதார் தனி வரும்போது தாளம் நாலுக்கு மாறிவிடுவதையும் அப்போது கவனிப்பார்கள்.

இதற்கான படம் ‘லைவ் அட் பாம்பெய்’. 1971 அக்டோபரில், இத்தாலியின் பழைய ரோமானிய வட்டரங்கில், பார்வையாளர் ஒருவர்கூட இல்லாமல் குழு வாசிப்பதை ஏட்ரியன் மாபென் படமாக்கினார். கூட்டமே இல்லாததால் கேமரா வேறு எங்கும் அலைவதில்லை. வாசிப்பவரின் விரலையும் வியர்வையையும் மட்டுமே பார்க்கிறோம். ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’ பாடலில் டிரம்ஸ் வாசிக்கும் நிக் மேசனின் கையிலிருந்து ஒரு குச்சி நழுவிப் பறந்துவிடுகிறது. அவர் தாளம் தப்பாமல் மறு குச்சியை எடுத்துக்கொள்வதை அருகிலிருந்து காணலாம். மேசன் அவ்வளவு இயல்பாக அதைக் கடந்துபோவதால், பல பேர் அதைக் கவனிப்பதே இல்லை.

இந்தக் குழுவின் ‘தி வால்’ (1979) இரட்டை ஆல்பத்தையும், ஆலன் பார்க்கர் இயக்கிய அதன் படத்தையும் (1982) தொடக்கத்தில் தொடவே வேண்டாம். ஒரு புகழ்பெற்ற மனிதரின் மனக்குறைகளை எண்பது நிமிடத்துக்கு நீட்டிய ஆல்பம் அது. ‘கம்ஃபர்டபிளி நம்ப்’ பாடலின் கிதாருக்காக அதை மன்னிக்கிறேன். படத்தில் ஜெரால்ட் ஸ்கார்ஃபின் கார்ட்டூன் பகுதிகள் நன்று, மீதி அலுப்பு.

மூன்றாம் படி: ஒரு மாடிப்படியின் ஓசை

லெட் செப்பலினின் நான்காம் ஆல்பம் (1971) உறையில் குழுவின் பெயரோ தலைப்போ இல்லாமல் வந்தது. எட்டே பாடல்கள். முதல் பக்கம் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாடலோடு முடியும். அதில் டிரம்ஸ் நுழைவதற்கே நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால் பொறுமை தேவை. அந்தப் பாடலைப் புகழ்ந்து எழுத இன்னொருவர் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆல்பத்தின் உச்சம் கடைசிப் பாடலான ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ என்பது என் கட்சி.

அதன் டிரம்ஸ் ஓசையைத் தனியாகக் கவனியுங்கள். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய ஏழையர் விடுதிக் கட்டடத்தில், நுழைவுக் கூடத்தில் ஜான் பானமின் டிரம்ஸை வைத்துவிட்டு, டிரம்ஸுக்கு அருகில் ஒலிவாங்கி எதையும் வைக்காமல், மேல் மாடிப்படியிலிருந்து இரண்டு ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். நாம் கேட்பது தோல் கருவியை மட்டுமல்ல. அந்தக் கூடத்தின் சுவர்களும் உயரமும் சேர்ந்து ஒலிக்கின்றன. பிற்காலத்தில் எண்ணற்ற ஹிப்ஹாப் பதிவுகள் அந்தத் தொடக்க அடியை வெட்டி எடுத்துப் பயன்படுத்தியதற்குக் காரணம் அதுவே. பாட்டு இவர்களுடையதும் அல்ல: 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்பிஸ் மின்னியும் கேன்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்த புளூஸ் பாடல் அது.

படத்தில்தான் ஏமாற்றம். ‘தி சாங் ரிமெய்ன்ஸ் தி சேம்’ (1976), நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 1973 ஜூலையில் நடந்த கச்சேரிகளோடு ஒவ்வொருவரின் பகற்கனவுக் காட்சிகளையும் ஒட்டவைத்தது. பாடகர் வாள் சுழற்றுகிறார், கிதார் கலைஞர் மலையேறுகிறார். விடுபட்ட காட்சிகளை மறு ஆண்டு ஸ்டூடியோவில் எடுத்தபோது ஜான் பால் ஜோன்ஸ் முடி வெட்டியிருந்ததால் விக் வைத்து நடித்தார். அது தெரியாமல் பார்த்தாலும் ஏதோ இடிக்கும். ரசிகர்கள் என்னைக் கோபித்துக்கொண்டாலும் சரி, இதை விட்டுவிட்டு, 2003இல் வெளிவந்த அவர்களுடைய டிவிடி தொகுப்பில் 1970 ஜனவரி ராயல் ஆல்பர்ட் அரங்கக் கச்சேரியைப் பாருங்கள். அலங்காரம் எதுவும் இல்லை, நான்கு இளைஞர்கள் வாசிக்கிறார்கள், அவ்வளவே.

நான்காம் படி: இருண்ட பக்கம்

ரோலிங் ஸ்டோன்ஸின் ‘லெட் இட் பிளீட்’ (1969), ‘கிம்மி ஷெல்டர்’ பாடலோடு தொடங்குகிறது. அதில் மிக் ஜாகரோடு பாடும் மெர்ரி கிளேட்டனின் குரல், உச்சியில் ஒரு சொல்லில் இரண்டாகப் பிளந்துவிடும். பின்னணியில் ஒருவர் வியந்து கூவுவதும் பதிவாகியிருக்கிறது. அந்தப் பிளவைத் திருத்தாமல் விட்ட தீர்ப்புக்காகவே இந்தக் குழுவை மதிக்கிறேன்.

‘கிம்மி ஷெல்டர்’ என்ற அதே பெயரில் மேய்சில்ஸ் சகோதரர்களும் ஷார்லட் ஸ்வெரினும் எடுத்த ஆவணப்படம் 1970இல் வந்தது. 1969 டிசம்பர் 6 அன்று கலிஃபோர்னியாவின் ஆல்டமாண்ட் பந்தயத் திடலில் நடந்த இலவசக் கச்சேரியில், பாதுகாப்புக்கு நிறுத்தப்பட்ட ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார் சைக்கிள் கும்பலைச் சேர்ந்த ஒருவர், மெரிடித் ஹண்டர் என்ற பதினெட்டு வயது இளைஞரைக் கத்தியால் குத்திக் கொன்றார். அந்தக் காட்சி கேமராவில் விழுந்திருக்கிறது. படத்தொகுப்பு மேசையில் அதை ஜாகருக்கு மெதுவாக ஓட்டிக் காட்டுகிறார்கள், நாமும் கூடவே பார்க்கிறோம். சிறுவர்களோடு பார்க்க ஏற்ற படமல்ல. ராக் என்றால் அன்பும் அமைதியும் என்ற பிம்பத்தை ‘உட்ஸ்டாக்’ (1970) படத்திலிருந்து எடுத்துக்கொண்டவர்கள், அந்தப் படம் காட்டும் 1969 இசை விழாவுக்கு நான்கு மாதம் கழித்து நடந்த இதையும் பார்ப்பது நியாயம்.

‘எக்சைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ (1972) மேலானது என்று பலர் சொல்வார்கள். தெற்கு பிரான்சின் ஒரு மாளிகை நிலவறையில் பெரும்பகுதி உருவான அந்த 18 பாடல்கள், சேற்றில் அமிழ்ந்தாற்போன்ற ஒலியுடையவை. பத்து முறை கேட்டால் பிடிக்கும். அந்தப் பத்து முறையை இப்போதே செலவிட வேண்டாம்.

ஐந்தாம் படி: விடைபெறும் கச்சேரி

நான்கு கனடியர்களும் ஆர்கன்சாவைச் சேர்ந்த லெவான் ஹெல்மும் சேர்ந்த ‘தி பேண்ட்’ குழுவின் இரண்டாம் ஆல்பம் (1969), அதே பெயருடையது. இங்கே ஒருவரும் வித்தை காட்டுவதில்லை. ஹெல்ம் டிரம்ஸ் வாசித்தபடியே பாடுகிறார், மற்ற இருவரின் குரல்கள் சற்று முன்பின்னாக வந்து சேர்ந்துகொள்கின்றன. உரத்த இசையில் களைத்தவருக்கு இது நல்ல இளைப்பாறல்.

மார்ட்டின் ஸ்கார்சசியின் ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ (1978), 1976 நவம்பர் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அவர்கள் நடத்திய விடைபெறும் கச்சேரி. சத்தமாக ஓட்டும்படி படமே தொடக்கத்தில் கட்டளையிடுகிறது, கீழ்ப்படியுங்கள். எரிக் கிளாப்டன் கிதாரில் தனி வாசிக்கத் தொடங்கும்போது தோள்பட்டை வார் கழன்றுவிட, குழுவின் கிதார் கலைஞர் ராபி ராபர்ட்சன் ஒரு நொடிகூட விடாமல் அதை ஏந்தி வாசிப்பதைக் கவனியுங்கள். ஆனால் படத்தைப் பார்ப்பவருக்கு ராபர்ட்சன்தான் குழுவே என்று தோன்றும். ஹெல்ம் தன் சுயசரிதையில் இதைக் கடுமையாகவே சாடினார். ரிச்சர்ட் மேனுவலுக்கும் கார்த் ஹட்சனுக்கும் படத்தில் கிடைத்த இடத்தைப் பார்த்தால், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆல்பத்தை முதலில் கேட்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு பார்க்க வேண்டியவை, தவிர்க்க வேண்டியவை

விழாப் படங்களில் ஒன்றே ஒன்று பார்ப்பதானால், மூன்று மணி நேர ‘உட்ஸ்டாக்’ படத்தைவிட டி. ஏ. பென்னிபேக்கரின் ‘மாண்டரே பாப்’ (1968) சிறந்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கிதாருக்குத் தீ வைக்கிறார், தி ஹூ கருவிகளை உடைக்கிறார்கள்; இத்தனைக்கும் பிறகு படம் முடிவது ரவி சங்கரின் சிதாரிலும் அல்லா ரக்காவின் தபலாவிலும். ஏறக்குறைய பதினெட்டு நிமிடம் நீளும் அந்தப் பகுதியில், வாசிப்பவர்களைக் காட்டுமுன் கேமரா நெடுநேரம் கேட்பவர்களின் முகங்களிலேயே நிற்கிறது. உடைத்த கிதார்கள் எதுவும் அந்த ஜுகல்பந்திக்கு ஈடாகவில்லை என்பதை இயக்குநர் ஒப்புக்கொண்டதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜானதன் டெமி இயக்கிய ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ (1984) காலத்தால் சற்றுப் பிந்தியது. டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் டேவிட் பைர்ன் வெற்று மேடைக்குக் கிதாரும் ஒரு டேப் ரெக்கார்டருமாகத் தனியே வருகிறார். அடுத்தடுத்த பாடலுக்கு ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். எந்தக் கருவி என்ன செய்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது. கச்சேரிப் படங்களில் என் முதலிடம் இதற்கே.

வாழ்க்கை வரலாற்றுப் படங்களை நம்பி வரலாறு கற்காதீர்கள். ‘போஹிமியன் ராப்சடி’ (2018), குயீன் குழு பிரிந்திருந்து 1985இல் நடந்த லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரி மேடைக்காக மீண்டும் ஒன்றுசேர்ந்ததாகக் காட்டுகிறது. உண்மையில் அவர்கள் அந்த ஆண்டு மே வரை ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பதில் லைவ் எய்ட் பதிவையே நேராகப் பார்த்துவிடலாம். யெஸ் குழுவின் ‘டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்’ (1973) போல, நான்கே பாடல்களால் நான்கு பக்கங்களை நிரப்பிய ஆல்பங்கள் இன்னும் ஓராண்டுக்கு உங்களுக்கு வேண்டாம்.

ராப் ரெய்னரின் ‘திஸ் இஸ் ஸ்பைனல் டேப்’ (1984) என்ற நகைச்சுவைப் படத்தை இவை எல்லாவற்றுக்கும் பிறகு பாருங்கள். பதினெட்டு அடியில் கேட்ட மேடை அலங்காரக் கல் பதினெட்டு அங்குலத்தில் வந்து இறங்கும் காட்சிக்கு, லெட் செப்பலின் படத்தைப் பார்த்து அவதிப்பட்டவர்கள்தான் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

இதுவரை வந்தவர்கள் ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ படத்துக்குத் திரும்பி, புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் ‘மேனிஷ் பாய்’ பாடும் இடத்தை மட்டும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். அத்தனை நேரமும் அங்குமிங்கும் வெட்டித் தாவிக்கொண்டிருந்த படம் அங்கே கிட்டத்தட்ட ஒரே கோணத்தில் நிற்கும். அப்போது ஓடிக்கொண்டிருந்தது லாஸ்லோ கோவாச்சின் ஒரு கேமரா மட்டுமே. அந்தப் பாட்டு பிடித்துப்போனால், ஜானி விண்டர் தயாரித்து 1977இல் வந்த வாட்டர்ஸின் ‘ஹார்டு அகெய்ன்’ ஆல்பத்தை எடுங்கள். அதே பாட்டுதான் அதன் முதல் பாட்டு.